மிதித்துக்கொண்டு பாடிய போத்தல் பாட்டு

அண்ணையின் மகன் வெளிநாட்டில் பிறந்தவன். போன முறை தொலைபேசியில் கதைக்கும்போது, "மாமி, நீங்களும் அப்பாவும் அந்தக் காலத்திலை செய்ததுக்குப் பேர் பங்க்" என்றான். ஏதோ நோய் வருத்தத்தின் பெயரைச் சொல்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அவனே விளக்கினான். வடிவாக வாசிக்கத் தெரியாதவர்கள், கோபம் வந்தவர்கள், கையில் கிடைத்ததை வைத்துக்கொண்டு கத்துவதாம். அதற்கென்று உலகத்தில் ஒரு பெயர் இருந்திருக்கிறது. எங்களுக்கு ஊரில் கிடைத்த பெயர்கள் வேறு. சொன்னால் சிரிப்பான் என்று சொல்லாமல் விட்டேன்.

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு பாட்டு. 'போத்தல் பாட்டு' என்ற பெயரில் அது யாழ்ப்பாணம் முழுக்கத் திரிந்தது. அதைப் பற்றி அபிப்பிராயம் சொல்லாத ஆள் இல்லை, என் அம்மாவைத் தவிர. நான் எதிர்பார்த்துக் கிடந்தது அம்மாவின் ஒரு சொல்லைத்தான். நல்லதோ கெட்டதோ, ஏதாவது ஒன்று. அந்த மனிசி வாயே திறக்கவில்லை.

நாங்கள் குருநகர் ஆட்கள். செல்லடி தாங்க முடியாமல் ஊரை விட்டு, மானிப்பாய்ப் பக்கத்தில் ஒரு தோட்டக்காரரின் வளவில் பின்வீட்டை வாடகைக்கு எடுத்து இருந்தோம். அம்மா, அண்ணை, நான். அப்பா இல்லை. எண்பத்தாறில் ஒரு விடியலில் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. வள்ளமும் வரவில்லை. என்ன நடந்தது என்று சொல்ல ஒருவரும் இல்லை. பூசை ஒப்புக்கொடுத்தோம், அவ்வளவுதான்.

அப்பாவுக்கு நல்ல குரல். தவக்காலத்தில் கோயிலில் பசாம் பாடுவார். ஆண்டவர் பாடுபட்ட கதையை ஒப்பாரி மாதிரி இழுத்துப் பாடுகிற பழைய பாட்டு அது. அப்பா பாடத் தொடங்கினால் பின்வாங்கில் கதைத்துக்கொண்டிருக்கிற பெண்கள் கூட வாயை மூடிவிடுவார்கள். ஒரு வருஷம் அவருடைய கூட்டாளி ஒருவர் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் அதைக் கசெற்றில் பதிந்து கொடுத்தார். அப்பா போன பிறகு அந்தக் கசெற்றை அம்மா ஒரு சேலைக்குள் சுற்றித் தகரப் பெட்டியின் அடியில் வைத்தார். எடுத்துப் போட்டுக் கேட்டதை நான் ஒருநாளும் காணவில்லை.

இனிப் பாட்டுக்கு வருகிறேன். தொண்ணூறுகளின் தொடக்கம் அது, யுத்தத்தால் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் இல்லை. பற்றரியும் வராது. மண்ணெண்ணெய் மட்டும் எப்போதாவது கூட்டுறவுச் சங்கக்கடைக்கு வரும். வருகிறதாம் என்று ஒரு கதை அடிபட்டாலே சனம் போத்தல்களைக் கொண்டுபோய் வரிசையாக வைத்துவிட்டு வீட்டு அலுவலைப் பார்க்கப் போய்விடும். ஆள் நிற்கத் தேவையில்லை, போத்தல் நின்றால் போதும். போத்தல் கழுத்தில் துணி கட்டி அடையாளம் வைப்போம். எங்களுடையது நீலத் துணி. ஒருநாள் நான் போய்ப் பார்த்தபோது, முன்னுக்கு நின்ற நீலத் துணி கடைசியில் நின்றது. அது தானாக நடந்துபோகவில்லை. என் முறை வந்தபோது பீப்பா காலி. வெறும் போத்தலோடு வீட்டுக்கு வந்து, அண்ணைக்கு முன்னால் நின்று கத்தினேன். "ஆர் தள்ளினது? என்ரை போத்தலை ஆர் தள்ளினது?"

அண்ணை சிரிக்கவில்லை. கித்தாரை எடுத்தார். "இன்னொருக்கால் கத்து" என்றார்.

அண்ணைக்குக் கோயில் பாடகர் குழுவில் கித்தார் பழக்கம். அவரிடம் ஒரு கசெற் இருந்தது. கப்பலில் வேலை செய்த உறவுக்காரர் எப்போதோ கொடுத்தது. வெள்ளைக்காரப் பொடியள் நாலைந்து பேர் நாய் கடித்தமாதிரிக் கத்துவார்கள். ஒரு சொல்லும் விளங்காது. ஆனால் கித்தாரில் விரல் வைக்கிற மூன்றே மூன்று கோட்ஸில் முழுப் பாட்டையும் முடித்துவிடுவார்கள் என்று அண்ணைக்கு அதில் பெரிய மரியாதை. எங்கள் கித்தாரில் அறுந்த கம்பிகளுக்குப் பதிலாக சைக்கிள் பிறேக் வயரின் இழையைக் கட்டியிருந்தார். அது சங்கீதம் தராது, கிறீச்சென்ற சத்தம் தரும். மேளத்துக்கு அண்ணையின் சிநேகிதன் ஒருவன் வந்தான். திருநாள் பாண்டில் அடிக்கிறவன். ஒரு பக்க மேளமும் கவிழ்த்துவைத்த எண்ணெய்ப் பீப்பாவும்தான் அவனுடைய வாத்தியம்.

தோட்டக்காரர் தன் புகையிலைக் குடிலைத் தந்தார். புகையிலையை உணத்திக் காயவைக்கிற மண்சுவர்க் குடில், அந்த நேரம் வெறுமையாகக் கிடந்தது. தந்துவிட்டு மூன்றாம் நாளே வந்து வாசலில் நின்றார்.

"தம்பியவை, பாடுங்கோ, வேண்டாமெண்டு சொல்லேல்லை. ஆனா மாடு பால் சுரக்குதில்லை."

"ஐயா, மாட்டுக்குச் சங்கீதம் பிடிக்குமெண்டெல்லோ சொல்லுறவை" என்றான் மேளக்காரன்.

"சங்கீதம் பிடிக்கும்" என்றார் அவர். போய்விட்டார்.

பாட்டைப் பதியவேண்டும் என்று அண்ணைக்கு ஆசை. ரேடியோ கசெற் இருந்தது, வெறும் கசெற் இல்லை. யாழ்ப்பாணத்துக் கடைகளில் கிடைத்தாலும் எங்களால் வாங்கமுடியாது. வெள்ளைக்காரப் பொடியளின் கசெற்றை அழிக்க அண்ணைக்கு மனமில்லை. அது பற்றி நாங்கள் இருவரும் குசினி வாசலில் வாக்குவாதப்பட்டுக்கொண்டிருந்தபோது, அம்மா உள்ளே போய்ப் பெட்டியைத் திறக்கிற சத்தம் கேட்டது. வெளியே வந்து அப்பாவின் கசெற்றை அண்ணையிடம் நீட்டினார்.

"உதின்ரை மற்றப் பக்கம் சும்மா கிடக்கு. அதிலை பாடுங்கோ. இந்தப் பக்கத்திலை கை வைச்சால் தெரியும்."

 அம்மா அடுப்படிக்குத் திரும்பிப் போனார்.

பற்றரி இல்லாத ஊரில் எப்படிப் பதிவது என்று கேட்பீர்கள். சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, பின்சில்லில் டைனமோவைச் சாய்த்து, அதிலிருந்து வயரை ரேடியோவுக்குக் கொடுப்போம். ஒருவர் மிதித்துக்கொண்டே இருக்கவேண்டும். யாழ்ப்பாணம் முழுக்கச் செய்தி கேட்டது அப்படித்தான். அண்ணைக்கு இரண்டு கையும் கித்தாரில். மேளக்காரனுக்குக் கையும் காலும் வேலை. வெறும் வாயோடு நின்றது நான் மட்டும். ஆகவே நான் சைக்கிளில் ஏறியிருந்து மிதித்துக்கொண்டே பாடினேன். பாவாடைச் சட்டையைக் காலுக்குள் செருகிக்கொண்டு, நின்ற இடத்தில் நிற்கிற சைக்கிளில், சங்கக்கடை மனேச்சரிலிருந்து பக்கத்து வீட்டு அக்கா வரைக்கும் எல்லாரையும் கேட்டேன், என்ரை போத்தலை ஆர் தள்ளினது என்று. மூச்சு வாங்கியது. ஒவ்வொரு வரிக்கும் நடுவில் இரைத்தேன். கடைசியில் பாட்டா இரைப்பா என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் ஒன்று சொல்லவேண்டும். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோசமாக நான் கத்தியதே இல்லை.

பிழை எங்கே நடந்தது என்றால், கோபம் கூடின இடத்திலெல்லாம் எனக்குக் கால் நின்றுவிட்டது. கத்துகிறதில் மிதிக்க மறந்துவிட்டேன். டைனமோ இளகினால் நாடாவும் இளகி, மெதுவாக ஓடும். இளகி ஓடும்போது பதிந்ததைச் சரியான வேகத்தில் போட்டால் எல்லாம் பறக்கும், குரலும் கீச்சென்று ஏறும். அண்ணை ஏறியிருந்து ஒரே சீராக மிதித்துப் போட்டுக் காட்டியபோது ரேடியோவுக்குள்ளிருந்து வந்தது நான் இல்லை. வாலில் மிதிபட்ட பூனை ஒன்று போத்தலைத் தேடிக்கொண்டு ஓடியது. கோபம் கூடக் கூட ஓட்டமும் கூடியது. மேளக்காரன் நிலத்தில் விழுந்து சிரித்தான். எனக்கு அழுகை வந்தது. அண்ணை மட்டும், "இதுதான், இதுதான்" என்று சொல்லிக்கொண்டு மிதித்தார்.

பாட்டு முடிந்தது. அண்ணை கால் எடுக்கவில்லை. நாடா ஓடியது. ஒரு கிளிக் சத்தம், அதற்குப் பிறகு அப்பா.

பசாமின் ஒரு வரி, பாதியில் இருந்து. அந்தப் பக்கம் சும்மா கிடக்கவில்லை. முன்பக்கம் நிரம்பியபோது கூட்டாளி கசெற்றைத் திருப்பிப்போட்டு மிச்சத்தையும் பதிந்திருக்கிறார். அம்மாவுக்கு அது தெரியாது. அந்தப் பக்கத்தை அவர் ஒருநாளும் போட்டுப் பார்க்கவில்லை. அதன் தொடக்கத்தில் அப்பா என்ன பாடியிருந்தாரோ, அதன்மேல் இப்போது என் போத்தல் இருந்தது. மின்சாரம் இருந்த காலத்தில் பதிந்ததால் அப்பாவின் குரல் நெளியாமல், அவருடைய குரலாகவே வந்தது. ஒரு பாட்டம் பாடி முடித்தார். இருமினார். பிறகு கூட்டாளியிடம் சொன்னார்.

"காணும், நிப்பாட்டு. வீட்டிலை பாத்துக்கொண்டு இருப்பினம்."

அத்தோடு முடிந்தது. திரும்பிப் பார்த்தால் குடில் வாசலில் அம்மா நின்றார், கையில் மாப்பிடித்த சுளகோடு. எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. அண்ணை சைக்கிளை விட்டு இறங்கி, "எணை அம்மா, எங்களுக்குத் தெரியாதணை" என்றார். அம்மா தலையை ஆட்டினார். ஓம் என்றா இல்லை என்றா என்று விளங்காத ஆட்டல். "சோறு ஆறுது, வாங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மானிப்பாயில் ஒரு றெக்கோடிங் பார் இருந்தது. கசெற்றுக்கு கசெற் பதிந்து கொடுக்கிற கடை. மண்ணெண்ணெயில் ஓடுகிற ஒரு சின்ன எஞ்சினை வைத்துக்கொண்டு அந்த மனிசன் அப்போதும் தொழில் நடத்தினார். அண்ணை அவரிடம் கடன் சொல்லி, பாட்டை மட்டும் ஒரு பிரதி எடுக்கக் கொடுத்தார். பாட்டு முடிய நிப்பாட்டவேண்டும் என்று தெளிவாகச் சொன்னார். மனிசன் எஞ்சினுக்கு எண்ணெய் ஊற்றப் போய்விட்டார். வந்து பார்த்தபோது அப்பாவும் சேர்ந்து பதிந்திருந்தது. அதை அவர் அழிக்கவும் இல்லை, எங்களிடம் கேட்கவும் இல்லை. தனக்கொரு பிரதி எடுத்து, மேலே 'போத்தல் பாட்டு' என்று எழுதி, கேட்டவர்களுக்கெல்லாம் பதிந்து கொடுத்தார். அம்மாவின் கசெற் பத்திரமாகத் திரும்பி வந்து பெட்டிக்குள் போனது. பாட்டு ஊருக்குள் போனது.

அப்புறம் நடந்ததை நான் நினைத்தும் பார்க்கவில்லை. சுன்னாகம் சந்தையில் வெங்காய மூட்டை இறக்குகிறவர்கள் "ஆர் தள்ளினது" என்று ஒருவர் கேட்க, மற்றவர் "என்ரை போத்தலை" என்று மூட்டையை ஏந்தினார்கள். சங்கக்கடை வரிசையில் பெண்கள் மனேச்சரைப் பார்த்துப் பாடினார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொருவர் மிதித்தபடியால் ஒவ்வொரு வீட்டிலும் அது ஒவ்வொரு பாட்டு. சில இடங்களில் நான் குருவி, சில இடங்களில் ஆம்பிளை. ஒருநாள் இயக்கப் பொடியள் இரண்டு பேர் வந்து, "ஆர் தள்ளினது எண்டு நீங்கள் ஆரைச் சொல்லுறியள்?" என்று அண்ணையை விசாரித்தார்கள். அண்ணைக்கு முகம் வெளிறிவிட்டது. நான் முன்னால் வந்து, "பக்கத்து வீட்டு அக்காவைத்தான். வேணுமெண்டால் கூப்பிட்டுக் கேளுங்கோ" என்றேன். அவர்களில் ஒருவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதனால் தப்பினோம்.

திட்டும் குறைவில்லை. பாடகர் குழுவை நடத்திய மதர், இனி நான் பின்வரிசையில் நின்றால் போதும் என்றார். ஒரு பெரியம்மா, "உவளை ஆர் கட்டுறது?" என்று என் காதுபடவே அம்மாவிடம் கேட்டா. அதெல்லாம் எனக்குப் பெரிதில்லை. என்னைக் கொன்றது பாராட்டுத்தான். எல்லாரும் பாராட்டியது பாட்டின் கடைசியை. "அந்தக் கத்தலுக்குப் பிறகு ஒரு மனிசன் பாடுறாரெல்லோ, நெஞ்சு உருகுது. பிறகு, காணும், வீட்டிலை பாத்துக்கொண்டு இருப்பினம் எண்டு சொல்லுறாரே, ஆர் எழுதினது?" என்று கேட்டார்கள். வரிசையில் நின்று களைத்த மனிசன் வெறும் போத்தலோடு வீட்டுக்குப் போகிறார் என்று தாங்களே ஒரு விளக்கமும் வைத்திருந்தார்கள். சங்கக்கடை பூட்டுகிற நேரம், பஸ் வராத நேரம், கூட்டம் நீளுகிற நேரம் எல்லாவற்றுக்கும் சனம், "காணும், நிப்பாட்டு" என்று சொல்லத் தொடங்கியது. குருநகரில் இருந்து வந்த மாமி, அப்பாவின் தங்கச்சி, கேட்டுவிட்டு எங்கள் வீட்டில் இருந்து அழுதா. "என்ரை அண்ணையின்ரை குரல்" என்று அழுதுவிட்டு, மூக்கைச் சிந்தி, "அதுக்கு முன்னாலை உதென்ன கண்டறியாத சத்தம்?" என்று கேட்டா.

நான் தொண்டை கிழியக் கத்தியது கண்டறியாத சத்தம். இருமினவருக்குப் பேர். செத்துப்போன தகப்பனோடு எரிச்சல்படுவது பாவம் என்று எனக்குத் தெரியும். எரிச்சல் பாவம் பார்த்து வருவதில்லை. அம்மா ஒரு சொல் சொல்லியிருந்தால் அது அடங்கியிருக்கும். கிணற்றடியில் பக்கத்து வீட்டுப் பெண் உடுப்புத் தோய்த்து முடித்து, "காணும், நிப்பாட்டு, வீட்டிலை பாத்துக்கொண்டு இருப்பினம்" என்று பகிடியாகச் சொன்னபோது, அம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்றார். பிறகு தண்ணீர் அள்ளினார். அன்றைக்கு நான் நேரே கேட்டேன்.

"எணை, பாட்டு எப்பிடியணை?"

"எந்தப் பாட்டு?"

"என்ரை பாட்டு."

"அரிசி கிடக்கு, புடைக்கோணும்" என்றார் அம்மா.

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. அவருடைய புருசனின் குரலை நான் கத்தி மூடிவிட்டேன், அதைத்தான் மனதில் வைத்திருக்கிறார் என்று முடிவுகட்டினேன். தொண்ணூற்றுநாலில் அண்ணை கொழும்புக்குப் போய் அங்கிருந்து வெளிநாடு போனார். மேளக்காரன் வன்னிக்குப் போனான். குடிலில் திரும்பவும் புகையிலை தொங்கியது.

தொண்ணூற்றைந்து ஒக்டோபர் முடிவில் ஆமி நெருங்கி வர, எல்லாரும் ஊரை விட்டு வெளிக்கிட்டோம். அதை நான் விவரிக்கப்போவதில்லை, எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் தெரியும். மழை, சனம், நகராத வீதி. தகரப் பெட்டியை அதே சைக்கிளில் கட்டி உருட்டிக்கொண்டு போனேன். நாவற்குழிக்குக் கிட்ட பின்சில்லு வெடித்து, றிம்மும் வளைந்தது. பின்னுக்கு நின்ற சனம் தள்ளியது. பெட்டியையா அம்மாவையா பிடிப்பது என்று யோசிக்க நேரமில்லை. அம்மா தானாகவே, "விடு பிள்ளை" என்றார். வீதிக்கரையில் வைத்துவிட்டு நடந்தோம். நெடுந்தூரம் போனபிறகுதான் பெட்டிக்குள் என்ன இருந்தது என்று எனக்கு உறைத்தது. அம்மாவுக்கு வைக்கும்போதே தெரிந்திருக்கும்.

தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. ஒரு வகுப்பறைக்குள் பல குடும்பங்கள். ஒரு காலை மழை விட்டிருந்தது. முற்றத்து மாமரத்தடியில் சுன்னாகத்துத் தோட்டக்காரர் ஒருவர் சைக்கிளை ஸ்ராண்டில் விட்டு, கையால் பெடலைச் சுற்றிச் செய்தி போட்டார். சனம் சுற்றி நின்றது. அம்மாவும் நானும் நின்றோம். செய்தியில் எங்களுக்கு வேண்டியது ஒன்றும் இல்லை. முடிந்ததும் சனம் கலைந்தது. அந்த மனிசன் மடியில் இருந்து ஒரு கசெற்றை எடுத்துப் போட்டுச் சுற்றினார்.

"ஆர் தள்ளினது" என்றது பூனை.

 அம்மா அசையாமல் நின்றார். அவர் நிற்பதைப் பார்த்து அந்த மனிசன் சுற்றுவதை நிறுத்தினார்.

"பொறுங்கோ அம்மா. இது ஒரு விசர்ப் பெட்டை கத்துறது. இதுக்குப் பின்னாலை ஒரு ஐயா வருவார், அவற்றை குரலைக் கேட்கோணும் நீங்கள்" என்று கசெற்றை வெளியில் எடுத்து, முன்னுக்குச் சுற்றப் பென்சிலைத் தேடினார்.

"வேண்டாம் தம்பி" என்றார் அம்மா. "முதல்லை இருந்து போடுங்கோ. அந்த விசர்ப் பெட்டை என்ரை மகள்."

அந்த மனிசன் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். நாடாவைப் பின்னுக்குச் சுற்றினார். அம்மா மாமர வேரில் இருந்துகொண்டு, "நீ போய்ச் சுத்து பிள்ளை, அவருக்குக் கை நோகும்" என்றார்.

நான் பெடலைப் பிடித்தேன். எங்கெங்கே என் கால் நின்றது என்று என் காலுக்குத்தான் தெரியும். அந்த இடங்களில் எல்லாம் கையை இளக்கினேன். பூனை போய்விட்டது. அந்தப் பாட்டு முதல் தடவையாக நான் பாடினபடி வந்தது, என் குரலில், என் இரைப்போடு. முழுவதையும் அம்மா கேட்டார். கிளிக் சத்தம் வந்தது. நான் கையைச் சீராக்கினேன், அப்பா நெளியக்கூடாது என்று. பாடினார், இருமினார், வீட்டிலை பாத்துக்கொண்டு இருப்பினம் என்றார். கசெற் நின்றது. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"மூச்சு வாங்குதே" என்றார்.

"மிதிச்சுக்கொண்டு பாடினதணை."

"உன்ரை கொப்பரும் உப்பிடித்தான். கோயில்லை பாடினது ஊருக்கு. வலை இழுக்கேக்கை இரைச்சு இரைச்சுக் கத்துவார், கரையிலை நிண்டாலும் கேட்கும். நான் அதைக் கேட்டுத்தான் அவரைக் கட்டினனான். அது ஒரு கசெற்றிலையும் இல்லை எண்டு இருந்தன்."

பிறகு அந்த மனிசனைப் பார்த்து, "தம்பி, இன்னொருக்கால் பின்னுக்குச் சுத்துங்கோ" என்றார். "பாட்டிலை இருந்து."